விசை எனப்படுவது யாது?

உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தான். நான் தமிழாசிரியன், பௌதிகவியலில் எனக்கு அதிகாரமில்லை. ஆயினும் அவன் கொண்டுவந்த ஐயம் பௌதிகவியலைப் பற்றியது என்பதிலும் பார்க்க, வரைவிலக்கணம் என்பதைப் பற்றியது எனலே பொருந்தும். விசை யாது என்று தன் பாடக்குறிப்பிலே தேடினானாம். திணிவை ஆர்முடுகலாற் பெருக்கி வருவது விசை என்றிருந்தது. திணிவு யாது என்று தேடினான். விசையை ஆர்முடுகலால் வகுத்து வருவது திணிவு என்றிருந்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றும், அந்த மற்றொன்றைக் கொண்டு முதலாவதும் விளக்கப்படுமாயின், இரண்டில் எதனைத் தான் அறிந்தவனாவான் என்பதே அவனது வினா. பரீட்சையில் இது வராது என்று யாரோ அவனுக்கு முன்னரே கூறிவிட்டார்களாம்.

நம் தருக்க நூலார் இக்குற்றத்தை நன்கறிவர். அந்நியோந்நியாச்சிரயம் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். ஒன்றையொன்று பற்றி நிற்றல் என்பது அதன் பொருள். நீந்தத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கரையேற முயல்வது போன்றது அது.

உடனடியாக விடை கூற என்னால் இயலவில்லை. சில நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தபோது வியப்பே மேலிட்டது. பதினேழு வயது மாணவன் ஒருவன் எழுப்பிய அவ்வினா, முந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர் பலரின் சிந்தனையைக் கிளறிய வினா என்பதை அறிந்தேன். அதனை எழுப்பியோருள் கிறித்தவ ஆயரும் உளர். புரட்சிப் படைகளை அணிவகுத்த பொறியியலாளரும் உளர். எனவே அவனுக்குக் கூறிய விடையை அவ்வினாவின் வரலாறாகவே இங்கு எழுத முற்படுகின்றேன். ஒரு துறையின் அடிப்படைகளை வினாவுதல் அத்துறைக்குப் பகையா, அன்றி அதன் உயிர்மூச்சா என்பது இவ்வரலாற்றினால் தெளிவாகும் என நம்புகின்றேன்.

நியூற்றனின் 'பிரின்சிப்பியா' 1687ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. நிலப்பிரபுத்துவத்தின் பிடி தளர்ந்து வணிக வர்க்கம் தலையெடுத்துக்கொண்டிருந்த இங்கிலாந்து அது. 1649இல் அரசன் ஒருவன் சிரச்சேதம் செய்யப்பட்டிருந்தான். 1688இல் மற்றொருவன் நாட்டை விட்டோட இருந்தான். தூரக்கடலிற் செல்லும் கப்பலுக்குத் தன் இருப்பிடத்தை அறியும் வழி வேண்டியிருந்தது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்க வேண்டியிருந்தது. ஆழச் சுரங்கங்களிலிருந்து நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. இத்தேவைகளுக்கும் நியூற்றனின் நூலுக்குமிடையேயுள்ள தொடர்பை 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மகாநாட்டிலே வற்புறுத்திக் காட்டியவர் சோவியத் பௌதிக விஞ்ஞானி பொறிஸ் ஹெசென். அவரைப் பற்றி இறுதியிலும் கூறவேண்டியுள்ளது. எனினும் ஒரு நூலின் சமூக வேர்களைக் காட்டுதல் வேறு; அதன் தருக்கக் கட்டுக்கோப்பைச் சோதித்தல் வேறு. முன்னதைச் செய்துவிட்டோம் என்பதனாற் பின்னதைச் செய்யாது விடலாகாது.

நூலின் தொடக்கத்திலே நியூற்றன் எட்டு வரைவிலக்கணங்களைத் தருகிறார். முதலாவது, பொருளின் அளவு பற்றியது. அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து அதனைத் தருவன என்கிறார். அடர்த்தி யாதெனின், ஓரலகு கனவளவிலுள்ள பொருளின் அளவு என்பதன்றி வேறு விடை இல்லை. வட்டம் முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது. பிறிதொரு வரைவிலக்கணம், ஒரு பொருளின் ஓய்வு நிலையையோ சீரான நேர்கோட்டியக்கத்தையோ மாற்றுமாறு அதன்மீது செலுத்தப்படும் செயலே விசை என்கிறது. பின்னர் முதலாம் விதி வருகிறது: விசை செலுத்தப்படாத பொருள் ஓய்விலோ சீரான நேர்கோட்டியக்கத்திலோ நிலைத்திருக்கும். ஒரு பொருள்மீது விசை இல்லை என்பதை எவ்வாறு அறிவது? அது சீராக இயங்குவதால். அது ஏன் சீராக இயங்குகிறது? விசை இல்லாமையால். ஆங்கில வானியலறிஞர் எடிங்ரன் 1928இல் இவ்விதியை நகையாடினார். ஒவ்வொரு பொருளும் சீராகவே இயங்கும், அவ்வாறு இயங்காத சமயங்களைத் தவிர என்பதே அதன் சாரம் என்று அவர் பொருள்படக் கூறியது வெறும் பகிடியன்று.

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். நம் மாணவர் மனனம் செய்யும் சமன்பாடு அவ்வுருவில் நியூற்றனின் நூலில் இல்லை. இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு விகிதசமம் என்றே அவர் வாக்கியமாக எழுதினார். அதனைப் பொதுவான சமன்பாட்டு வடிவில் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஓயிலர், காலம் 1750. ஆகவே நியூற்றன் என்ற ஒருவரின் வாய்மொழியாக நாம் கற்பிப்பது உண்மையிற் பலரின் உழைப்பு.

நியூற்றனுக்குத் தம் அடிப்படைகளைப் பற்றி ஐயமே இருக்கவில்லை என்று எண்ணுதலும் தவறு. இடையிலே யாதொரு தொடர்புமின்றி வெற்று வெளியினூடாக ஒரு பொருள் மற்றொன்றை ஈர்க்கும் என்பது, சிந்திக்கத் தெரிந்த எவரும் ஏற்கவொண்ணாத அபத்தம் என்று 1693இல் பென்ற்லி என்பாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறித்துள்ளார். 1713இல் வந்த இரண்டாம் பதிப்பின் இறுதியில், ஈர்ப்பின் காரணத்தைத் தாம் கண்டறியவில்லை என்பதையும், அதன்பொருட்டுக் கற்பனை புனையத் தாம் விரும்பவில்லை என்பதையும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஆசான் ஐயுற்ற இடத்தில் ஐயுறாதிருந்தோர் பின்வந்த சீடர்களே.

பதினெட்டாம் நூற்றாண்டிலே இவ்வினா முற்றிலும் எதிரான இரு திசைகளிலிருந்து எழுந்தது. ஈர்ப்பு விசை என்பது பழைய மடாலயத் தத்துவிகள் பேசிய மறைகுணங்களின் மறுபிறப்பு என்று லைப்னிற்ஸ் சாடினார். 1721இல் இயக்கத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறுநூல் வெளியிட்ட பேர்க்கிளி, விசை முதலிய சொற்கள் கணக்கிடுதற்குப் பயன்படுங் கருவிகளேயன்றிப் பொருள்களில் உறையும் மெய்ப்பண்புகளைக் குறிப்பன அல்ல என்றார். கூர்மையான கருத்துத்தான். ஆனால் அவரது நோக்கம் யாது? பொருளிலிருந்து ஆற்றலைப் பறித்து, இயக்கத்தின் மெய்யான காரணத்தை ஆன்மாவிடத்தும் ஆண்டவனிடத்தும் ஒப்படைப்பதே. பின்னாளில் ஆயராகப் பதவியேற்றவரல்லவா!

தலம்பேர் அதே வினாவை நேர்மாறான நோக்குடன் எழுப்பினார். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை திதெரோவுடன் சேர்ந்து தொகுத்த அவ்வறிஞர், 1743இல் எழுதிய இயக்கவியல் நூலிலே, இயங்கும் பொருளுக்குள் உறைவதாகக் கூறப்படும் விசைகள் தெளிவற்ற, இயற்கைக்கப்பாற்பட்ட கற்பனைகள் என்று ஒதுக்கினார். கண்ணாற் காண்பது இயக்கம். ஆகவே இயக்கத்தையே ஆராய்வோம் என்பது அவர் நிலை. 1793இல் பிரெஞ்சுப் புரட்சியின் படைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்திய லசார் கார்னோவும் ஒரு பொறியியலாளர். பொறிமுறையை விசைகளின் கொள்கையாகவும் அமைக்கலாம், இயக்கங்களின் கொள்கையாகவும் அமைக்கலாம் என்றும், முன்னது இருள் படிந்த கருத்தொன்றில் நிற்கிறதென்றும் 1803இல் அவர் எழுதினார். ஒரே வினாவை ஆயர் எழுப்பினார், கலைக்களஞ்சியத்தாரும் எழுப்பினர். ஒருவர் இறைவனை உள்ளே கொணரவும், மற்றவர் ஆவிகளை வெளியே துரத்தவும் அதனைப் பயன்படுத்தினர். வினாவை மட்டுங் கொண்டு வினாவியவரை எடைபோட முடியாது என்பதற்கு இது சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசை என்ற சொல்லின் ஆட்சி எங்கும் பரவிற்று. உயிரினங்கள் ஏன் உயிர்வாழ்கின்றன? உயிர் விசையால். பதார்த்தங்கள் ஏன் சேருகின்றன? இரசாயன விசையால். விளங்காத நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை படைக்கப்பட்டது. ஏங்கெல்ஸ் தமது 'இயற்கையின் இயக்கவியல்' குறிப்புக்களிலே இப்போக்கைக் கடுமையாகக் கண்டிக்கிறார். மனிதன் தன் தசையைக் கொண்டு பாரத்தைத் தள்ளும்போது பெறும் உணர்விலிருந்தே விசை என்ற எண்ணம் பிறந்தது என்றும், ஒரு நிகழ்ச்சியின் விதியை நாம் அறியாதபோது அச்சொல்லுக்குட் புகலடைகிறோம் என்றும் அவர் காட்டுகிறார். 1870களிலும் 1880களிலும் எழுதப்பட்ட இக்குறிப்புக்கள் 1925இலேதான் நூலாக அச்சேறின.

அதே காலப்பகுதியில் ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளின் பௌதிக விஞ்ஞானிகளும் அடித்தளத்தைத் தோண்டத் தொடங்கினர். 1876இல் கிர்க்கோவ், பொறிமுறையின் பணி இயக்கங்களை முழுமையாகவும் இயன்றளவு எளிமையாகவும் விவரிப்பதே என்றார். விசை என்பது அவ்விவரணத்திற் பயன்படும் சுருக்கச் சொல்லாயிற்று. 1883இல் ஏர்ணஸ்ட் மாக் பொறிமுறையின் வரலாற்றை எழுதியபோது, நியூற்றனின் திணிவு வரைவிலக்கணத்திலுள்ள வட்டத்தை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். வட்டத்திலிருந்து வெளியேறும் வழியையும் கூறினார். இரு பொருள்கள் ஒன்றன்மீதொன்று தாக்கமுறும்போது இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் ஆர்முடுகுகின்றன. அவ்வார்முடுகல்களின் விகிதம் எவ்வகைத் தாக்கத்தின்போதும் மாறாதிருக்கிறது என்பது பரிசோதனை காட்டும் உண்மை. அவ்விகிதத்தைத் தலைகீழாக்கித் திணிவுகளின் விகிதம் எனப் பெயரிடுவோம். இங்கே பொருளின் அளவு என்ற மங்கலான சொல்லுக்கு இடமில்லை. விசையைத் துணைக்கழைக்க வேண்டிய தேவையுமில்லை.

ஹேர்ட்ஸ் எடுத்துக்காட்டிய உதாரணம் யாவர்க்கும் விளங்கும். கயிற்றிலே கல்லொன்றைக் கட்டிச் சுழற்றுகிறோம். கை கல்லை உள்நோக்கி இழுக்கிறது. கல் கையை வெளிநோக்கி இழுப்பதாக உணர்கிறோம். இதனை மையநீக்க விசை என்கிறோம். இவ்வெளிநோக்கிய விசை யாது? கல்லின் சடத்துவமேயன்றி வேறன்று எனப்படுகிறது. அப்படியாயின், சடத்துவத்தை ஒருமுறை திணிவாகவும் மறுமுறை விசையாகவும் இருதரம் கணக்கிடுகிறோமா? விசை இயக்கத்துக்குக் காரணம் என்று கற்பித்துவிட்டு, இயக்கத்தின் விளைவாகத் தோன்றும் ஒன்றையும் விசை என்பதா? மாணவருக்கு இத்தொடக்கப் பாடத்தை விளக்கும்போது ஆசிரியர் விரைந்து கடந்து செல்ல விரும்புவது இதன் காரணமாகவே என்று ஹேர்ட்ஸ் கருதினார். 36 வயதில், 1894ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் இறந்தார். விசையை அடிப்படைக் கருத்தாகக் கொள்ளாது, காலம், இடம், திணிவு என்ற மூன்றினால் மட்டும் பொறிமுறையைக் கட்ட அவர் முயன்ற நூல் அவர் இறந்தபின் அவ்வாண்டிலே வெளிவந்தது. ஆனால் விசையை நீக்கிய இடத்தை நிரப்பக் கண்ணுக்குத் தெரியாத மறைதிணிவுகளை அவர் கற்பிக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆவியை ஓட்ட மற்றோர் ஆவியை அழைத்தாற் போலாயிற்று.

விற்றராசிலே தொங்கவிட்டு விசையை அளந்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அவ்வளவு எளிதன்று என்பதை 1902இல் பொன்காரே காட்டினார். இரு விசைகள் சமமென்று கூற அவை ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும். கல்லை இழுக்கும் விசையை வில்லுக்கு மாற்றிக் கூற, தாக்கமும் மறுதாக்கமும் சமமென்பதை முன்கூட்டியே ஏற்க வேண்டும். சோதிக்க வேண்டிய விதியையே சோதனைக் கருவியின் பகுதியாக்குகிறோம்.

அவ்வாறாயின் விசை என்பது வெறுஞ் சொல்தானா? இரு நூற்றாண்டுகள் உலகம் ஒரு வெறுஞ் சொல்லை நம்பியா பாலங்கட்டிற்று? இவ்விடத்தில் வானியலின் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது.

யுறேனஸ் கிரகம் கணித்த பாதையிற் செல்லவில்லை. விசை என்பது வெறும் வரைவிலக்கணமாயின் இதிற் சிக்கலொன்றுமில்லை. பாதை விலகியதால் அங்கொரு விசை உளது என்று பெயரிட்டு அமைந்துவிடலாம். பிரெஞ்சு வானியலறிஞர் லெவெரியே அவ்வாறு அமையவில்லை. விசை உண்டெனின் அதனைப் பிறப்பிக்கும் பொருள் ஒன்று வானில் எங்கோ இருத்தல் வேண்டும் என்று துணிந்து, அதன் இடத்தைக் கணித்தார். 1846 செப்டெம்பர் 23ஆம் நாளிரவு பேர்லின் வானாய்வுக் கூடத்தில் கால்லே தொலைகாட்டியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குட்பட்ட தூரத்திலே நெப்ரியூன் தென்பட்டது.

அதே லெவெரியே பின்னர் புதன் கிரகத்தை ஆராய்ந்தார். அதன் பாதையிலும் ஒரு சிறு விலகல் இருந்தது. இன்றைய கணிப்பின்படி, ஒரு பாகையை 3600 கூறாக்கினால், நூற்றாண்டொன்றுக்கு அவற்றுட் சுமார் 43 கூறு. 1859இல் அவர் இதனை அறிவித்து, சூரியனுக்கு அண்மையில் இன்னொரு கிரகம் இருத்தல் வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்ற பெயரும் வழங்கலாயிற்று. கிரகணங்கள் தோறும் தேடினர். வல்கன் அகப்படவில்லை, அப்படியொரு கிரகம் இல்லவேயில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் நம் மாணவனின் வினாவுக்கு விடை கிடைக்கிறது. வரைவிலக்கணம் தோற்பதில்லை, விதிதான் தோற்கும். யுறேனசில் வென்றதும் புதனிலே தோற்றதும் வெறுஞ் சொல்லாயின், அதற்கு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. சமன்பாட்டை மட்டும் தனியே எடுத்தால் அது வட்டமே. ஆனால் விசைக்குப் பொருளுலகில் ஒரு பிறப்பிடம் உண்டு, அப்பிறப்பிடத்தின் தூரத்தையும் தன்மையையும் கொண்டு விசையைத் தனியாகக் கணிக்க முடியும் என்ற உறுதிமொழி சேரும்போது வட்டம் உடைகிறது. ஈர்ப்பு விதி அத்தகைய உறுதிமொழி. வில்லின் நீட்சி பற்றிய விதியும் அத்தகையதே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மாணவர்க்கு ஆற்றிய விரிவுரைகளிலே பௌதிக விஞ்ஞானி பைன்மன் இதனையே வற்புறுத்தினார். சமன்பாட்டை வரைவிலக்கணமாக மட்டுங் கொண்டால் நாம் இயற்கையைப் பற்றி எதனையும் கண்டறிந்தவராகோம். விசைக்குப் பொருள்வழித் தோற்றம் உண்டென்பதே அதன் உள்ளடக்கம் என்பது அவர் கருத்தின் சாரம்.

புதனின் புதிர் அவிழ 1915 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பஸ் வண்டியில் நின்று பயணஞ் செய்பவர், சாரதி திடீரெனத் தடையை அழுத்தும்போது முன்னே தள்ளப்படுகிறார். தள்ளியவர் எவருமிலர். வண்டியை நிலைக்களனாகக் கொண்டதால் தோன்றும் விசை அது. இவ்வகை விசைகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: அவை பொருளின் திணிவுக்குச் சரிவிகிதமானவை. ஈர்ப்பும் அவ்வாறே திணிவுக்கு விகிதசமமானது. இதனைத் தற்செயல் என்றே பலர் கொண்டிருந்தனர். ஐன்ஸ்ரைன் தற்செயல் என்று ஒதுக்க மறுத்தார். எந்த நிலைக்களனுக்கு ஒப்பாக நேர்கோடு, எதற்கு ஒப்பாகச் சீரான இயக்கம் என்ற மாக்கின் வினாவை விடாது பற்றி நின்றார். 1915 நவம்பரில் அவர் வகுத்த கொள்கையிலே ஈர்ப்பு ஒரு விசையாக இல்லை. வெளியும் காலமும் பொருளால் வளைவுறுதலே ஈர்ப்பாகத் தோன்றுகிறது. புதனின் 43 கூறும் அக்கொள்கையிலிருந்து தாமாகவே வந்தன. பொறிமுறை மீதிருந்த குருட்டு நம்பிக்கையை அசைத்தவர் மாக் என்று ஐன்ஸ்ரைன் நன்றியுடன் பதிவுசெய்துள்ளார். பாலங்கட்டுவோரும் விண்கலம் ஏவுவோரும் இன்றும் பெரும்பாலும் நியூற்றனின் முறையிலேயே கணிக்கின்றனர். நியூற்றன் வீழ்ந்துபடவில்லை, அவர் எல்லை வரையறுக்கப்பட்டது.

இவ்வரலாறு நம் போன்ற முற்போக்கு எண்ணமுடையோர்க்கும் ஒரு பாடத்தைத் தருகிறது. அது இனிமையான பாடமன்று. உலகை உணர்வுகளின் தொகுதியாகக் கண்ட மாக்கின் தத்துவத்தை 1909இல் வெளிவந்த 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்' என்ற நூலில் லெனின் வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே. அத்தத்துவத்தின் பிடியில் நின்ற மாக், அணுக்களின் உண்மையை நீண்டகாலம் ஏற்க மறுத்தவர். ஆனால் ஒருவரின் தத்துவம் பிழையென்பதால் அவர் கேட்ட வினாவும் பிழையாகிவிடாது. பின்வந்தோர் சிலர் இவ்வேறுபாட்டை உணரவில்லை. மாக்கின் பெயருடன் தொடர்புற்றதென்பதற்காகச் சார்புக் கொள்கையையே கருத்துமுதல்வாதம் என்று பழித்தோர் சோவியத் நாட்டில் இருந்தனர். மறுபுறத்தில் ஜெர்மனியின் நாற்சிகள் அதே கொள்கையை யூத விஞ்ஞானம் என்று தூற்றினர்.

நியூற்றனின் சமூக வேர்களைக் காட்டிய ஹெசென், சோவியத் நாட்டிலே சார்புக் கொள்கையைத் துணிந்து ஆதரித்தவரும் ஆவார். நூலை அதன் காலத்தோடு பொருத்தவும், கொள்கையை அதன் தருக்கத்தோடு ஆராயவும் ஒருங்கே தெரிந்தவர் அவர். 1936இல் பொய்க் குற்றஞ் சாட்டப்பட்டுக் கைதாகி, அவ்வாண்டு டிசெம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1956இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. பிறர் கோட்டையின் அடித்தளத்தை வினாவுதல் புரட்சி என்றும், நம் கோட்டையின் அடித்தளத்தை வினாவுதல் துரோகம் என்றும் கொள்ளும் இயக்கம், வல்கனைத் தேடிக்கொண்டே இருக்கும். அது இல்லை என்று கூறுபவனைத் தண்டித்துக்கொண்டும் இருக்கும்.

மாணவனுக்கு நான் கூறியவற்றின் சுருக்கம் இதுதான். நீ கண்ட வட்டம் மெய்யான வட்டமே. உன் புத்திக்குறைவால் அது தோன்றவில்லை. பரீட்சைக்குச் சமன்பாட்டை எழுது. வேண்டாமென்று கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் எழுதும்போது, இவ்விசை எப்பொருளிலிருந்து பிறந்தது என்ற கேள்வியை உன் மனத்தில் எழுப்பிக்கொள். அதற்கு விடையில்லாத இடத்தில் நீ எழுதியது வரைவிலக்கணம். விடை உள்ள இடத்தில் நீ எழுதியது இயற்கையின் விதி.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், தமிழ்ப் பாடத்திலும் இவ்வாறு வினாவலாமா என்று கேட்டான். வினாவலாம் என்றேன். மறுநாள் முதற் பாடவேளையிலேயே அவன் கையை உயர்த்தினான். அன்று நான் குறித்துச் சென்ற பாடம் முடியவில்லை. அதையிட்டு எனக்கு வருத்தமுமில்லை.